பகலில் அறக்கட்டளைத் தலைவர், இரவில் முகமூடி நாயகன்: கவசம், கயிறு, கணக்கு எங்கே இடிக்கும்?

கரிக்கோடு (கேள்வி)

வணக்கம். 96 பக்கக் காமிக்ஸ் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகன் பெரும் சொத்துக்காரர். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அள்ளிக்கொடுக்கும் அறக்கட்டளையின் நிறுவனர். இரவானால் கவச உடை மாட்டிக்கொண்டு குற்றவாளிகளைத் துரத்துகிறார். அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது, பணமும் உடற்பயிற்சியும்தான். ஊர், நாடு எதையும் கதையில் பெயர் சொல்லப்போவதில்லை.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது. தலை முதல் கால் வரை குண்டு துளைக்காத கறுப்பு உடை, தசை வடிவில் செதுக்கிய மார்புக் கவசம், நடுவில் சின்னம், கணுக்கால் வரை அங்கி. கையில் கொக்கித் துப்பாக்கி, சுட்டால் கூரையில் மாட்டிக்கொண்டு ஆளை மேலே இழுத்துவிடும். செலவு முழுக்க அறக்கட்டளையின் "ஆராய்ச்சி" கணக்கில் போகிறது. 41-ஆம் பக்கத்தில் 12-ஆவது மாடியிலிருந்து ஒரு சிறுமி விழ, ஒரு நொடி கழித்து அவரும் குதித்து நடுவானில் பிடிக்கிறார்.

எது நடக்கும், எது நடக்காது, நடக்காததற்குப் பதில் எதை வைக்கலாம்? எண்களோடு சொன்னால் நல்லது. "காமிக்ஸ்தானே, விடுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

தகடு

"தலை முதல் கால் வரை குண்டு துளைக்காத" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அப்படி ஓர் உடையை மாட்டிக்கொண்டு யாரும் ஓட முடியாது.

நிஜத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று மென்கவசம். அராமிட் (கெவ்லார் வகை வலு இழை) துணி அல்லது பாலிஎத்திலீன் தாள்கள் பல அடுக்காக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வரும். மார்பும் முதுகும் சேர்த்து 2 முதல் 3 கிலோ. கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தும், ரைஃபிள் குண்டை நிறுத்தாது. ரைஃபிளுக்குக் கடினத் தகடு தேவை. வழக்கமான அளவு 25 × 30 செ.மீ., அதாவது ஏ4 தாளைவிடக் கொஞ்சம் அகலம். செராமிக் என்றால் ஒன்றே 3 கிலோவை ஒட்டி வரும். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஜே.-யின் கவசத் தரம் 2023-இல் புதுப்பிக்கப்பட்டபோது கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி. 1, 2 என்றும், ரைஃபிளுக்கு ஆர்.எஃப். 1, 2, 3 என்றும் பிரித்தார்கள். உங்கள் நாயகனுக்கு மார்பிலும் முதுகிலும் எச்.ஜி. 2 மென்கவசம், சின்னத்துக்குப் பின்னால் ஒரு ஆர்.எஃப். 3 தகடு, முதுகில் இன்னொன்று என்று வைத்தால் நியாயமாக இருக்கும். சின்னத்தைப் பளிச்சென்று மார்பு நடுவில் வைப்பதற்கும் அது காரணமாகிவிடும்: சுடுகிறவன் கண் எங்கே போகிறதோ அங்கேதான் தகடு இருக்கிறது. அக்குள், கழுத்து, இடுப்புக்குக் கீழே, தொடை, இவை எல்லாம் திறந்த வாசல்.

துளைக்கவில்லை என்றால் அடிபடவில்லை என்று அர்த்தமில்லை. சோதனையில் கவசத்துக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள். களிமண்ணில் 44 மி.மீ. ஆழம் வரை குழி விழுந்தாலும் தேர்ச்சிதான். அந்தக் குழி மனித மார்பில் என்னவென்று யோசியுங்கள்: விலா எலும்பு விரிசல், தட்டையான பெரிய கன்றல், ஆறு வாரத்துக்கு இருமினால் வலி. மறுநாள் மருத்துவமனைத் திறப்பு விழாவில் யாராவது அன்பாகக் கட்டிப்பிடித்தால் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கத்தி வேறு கதை. குண்டை நிறுத்தும் அராமிட் நெசவில், கூரிய முனை இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கத்திக்குத்துக்கென்று தனித் தரம் இருக்கிறது, என்.ஐ.ஜே. 0115. அதில் குத்தின் ஆற்றலைப் பொறுத்து மூன்று நிலை: 24, 33, 43 ஜூல். அதற்கு மிக நெருக்கமான நெசவோ, சங்கிலி வலையோ, பிசின் பூசிய அடுக்கோ சேர்க்கவேண்டும், கூடவே எடையும் விறைப்பும் சேரும். சந்துச் சண்டையில் துப்பாக்கியைவிடக் கத்திதான் அதிகம் வரும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

தசை வடிவச் செதுக்கல் அழகுக்குச் சரி, வேலைக்குக் கெடுதல். குவிந்த வழவழப்பான பரப்பு அடியை வெளிப்பக்கம் வழுக்கிவிடும். இரண்டு மார்புத் தசைக்கு நடுவே பள்ளம் வெட்டினால் கத்தியும் கம்பியும் அந்தப் பள்ளத்தில் இறங்கி நேராக நெஞ்செலும்பில் நிற்கும். செதுக்கலை வெளியே மெல்லிய ஃபோம் உறையில் வைத்து, உள்ளே வழவழப்பான தகடு போட்டதாகக் காட்டலாம். ஒரு சண்டையில் உறை கிழிந்து உள்ளே இருப்பது தெரிந்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

இனி யாரும் கவனிக்காத பெரிய எதிரி: வெப்பம். சுவரேறி, ஓடி, கட்டிப்புரளும் ஆள் 500 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாக்குவார். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். ரப்பர் பூச்சு உடைக்குள் அது ஆவியாகாது, வெறுமனே வழிந்து பூட்ஸுக்குள் சேரும். 80 கிலோ உடம்பு 1 டிகிரி சூடாக ஏறத்தாழ 280 கிலோஜூல் போதும். 500 வாட்டில் பாதி வெளியேறாமல் நின்றாலும் 19 நிமிடத்துக்கு 1 டிகிரி. 40 நிமிடத்தில் 39 டிகிரியைத் தொடுவார், அந்த நிலையில் முதலில் தடுமாறுவது கையல்ல, முடிவெடுக்கும் புத்தி. ஐஸ் கட்டி உடுப்பு, குளிர்நீர்க் குழாய் உடுப்பு எல்லாம் உண்டு, ஆனால் அவையும் சுமை. ஒரு சுற்று என்பது அரை மணி நேரம், பிறகு வண்டிக்குத் திரும்பி முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள். கதைக்குக் கடிகாரமும் கிடைத்துவிடும்.

எடைக் கணக்கு: தகடு இரண்டு 6 கிலோ, மென்கவசம் 3, தலைக்கவசம் 1.5, பூட்ஸ் 2, கயிறும் ஹார்னஸும் (இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பட்டை) 4, இடுப்புப் பெல்ட்டில் சில்லறைச் சாமான் 3. மொத்தம் 19.5. இதில் பூட்ஸைத்தான் குறைக்கப் பாடுபடவேண்டும். பாதத்தில் ஏறும் 1 கிலோ, முதுகில் ஏறும் 5 கிலோ அளவுக்கு ஆளைக் களைப்பாக்கும்.

முகமூடிக்கு மூன்று குறிப்பு. காது மடலை மூடினால் சத்தம் கேட்கும், ஆனால் முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்று பிரிக்க முடியாது, ஏனென்றால் அந்த வேலையைச் செய்வது மடலின் வளைவுகள்தான். கழுத்தும் தலையும் ஒரே வார்ப்பாக இருந்தால் பக்கவாட்டில் பார்க்க முழு உடம்பையும் திருப்பவேண்டும். தலையைத் தனி ஓடாகவும் கழுத்தை மடிப்புத் துணியாகவும் பிரியுங்கள். வெள்ளைக் கண் கண்ணாடி பகலில் மட்டுமே ஏமாற்றும்: ஒருபக்கம் தெரியும் படலம் வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருந்தால்தான் வேலை செய்யும். இரவில் அது நாயகனுக்குக் கறுப்புக் கண்ணாடி.

நடுமுடிச்சு

கயிறு பக்கம் நான் வருகிறேன். தகடு சொன்ன 19.5 கிலோவோடு ஆள் எடை 90 என்று வைத்து, 110 கிலோ என்று கணக்குப் போடுகிறேன்.

கொக்கித் துப்பாக்கியின் முதல் பொய் கயிறு. கப்பல்களில் கயிறு எறியும் கருவி கட்டாயம். அதற்கான சர்வதேச விதி கேட்பது 230 மீட்டர் தூரமும், கயிற்றுக்கு 2 கிலோநியூட்டன் அறுபடும் வலுவும். 2 கிலோநியூட்டன் என்பது 200 கிலோ தொங்கினால் அறும் கயிறு. ஆள் ஏறுவதற்கல்ல, தடித்த கயிற்றை இழுத்துக்கொள்வதற்கான தூதுக் கயிறு. தொலைவாகப் பறக்கவேண்டுமானால் கயிறு மெலிதாக இருக்கவேண்டும், ஆளைத் தாங்கவேண்டுமானால் தடிக்கவேண்டும். இரண்டும் ஒரே கயிற்றில் கொஞ்சமாகத்தான் ஒத்துவரும்.

ஒத்துவருகிற ஒன்று 6 மி.மீ. டைனீமா, மிக வலுவான பாலிஎத்திலீன் இழைக் கயிறு. 100 மீட்டர் இரண்டரை கிலோவுக்குள் அடங்கும், 3 டன்னுக்கு மேல் தாங்கும். பணக்காரர் இதைத்தான் வாங்குவார், இதில்தான் மாட்டுவார். மூன்று கோளாறு:

நீளவே நீளாது. கயிறு நீண்டு அதிர்ச்சியை வாங்காவிட்டால் அது உடம்பில் இறங்கும்.

வழுக்கும். சாதாரண முடிச்சு தானே நழுவும், நிற்கிற முடிச்சும் வலுவில் பாதிக்கு மேல் தின்றுவிடும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னவேண்டும்.

150 டிகிரிக்குள் உருகும். 110 கிலோ 30 மீட்டர் இறங்கினால் 32 கிலோஜூல் உராய்வு வெப்பம். 300 கிராம் அலுமினிய டிசெண்டரில் (கயிற்றைப் பிடித்து இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அது முழுக்கத் தங்கினால் வெப்பநிலை 120 டிகிரி ஏறும். கொஞ்சம் காற்றில் போகும்தான், ஆனாலும் சர்ரென்று இறங்கி நடுவில் டக்கென்று நின்றால், சுட்ட உலோகம் கயிற்றின் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே கயிறு இளகும். அராமிட் மேலுறை போட்ட கயிறு என்றால் உருகாது, கொஞ்சம் கனமாகும், வளைத்து வளைத்துப் பயன்படுத்தினால் இழை முறியும். எனவே அடிக்கடி மாற்றவேண்டும்.

இரண்டாவது பொய் கொக்கி. கீழே நிற்கிறவருக்குக் கொக்கி எதில் மாட்டியது என்று தெரியாது. கைப்பிடிச்சுவரின் மேல்கல் பல கட்டடங்களில் வெறும் பூச்சில் உட்கார்ந்திருக்கும். 110 கிலோ தொங்கியதும் கல்லோடு கொக்கியும் தலையில் வரும். குறைந்தது, முழு எடையைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பதைக் காட்டுங்கள். அப்போதும் அது சூதாட்டம்தான். கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்கள் ஒற்றைப் பிடிமானத்தை நம்பவே மாட்டார்கள்: வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி நங்கூரம்.

மூன்றாவது பொய் விஞ்ச், அதாவது கயிற்றைச் சுருட்டி ஆளை மேலே இழுக்கும் மோட்டார். ஆற்றல் பிரச்சினையே இல்லை. 110 கிலோவை 30 மீட்டர் தூக்க 9 வாட்மணி போதும், செல்போன் பேட்டரியில் அதைவிட அதிகம் இருக்கிறது. பிரச்சினை வேகம். 5 வினாடியில் தூக்கவேண்டுமானால் 6.5 கிலோவாட், கிட்டத்தட்ட 9 குதிரைத்திறன். அந்த மோட்டாரும் அது இழுக்கும் மின்னோட்டமும் கைக்குள் அடங்காது. சந்தையில் கிடைக்கும் கயிறேறும் இயந்திரங்கள் 10 கிலோவை ஒட்டி இருக்கும், வினாடிக்கு அரை மீட்டர் அளவில்தான் தூக்கும். 30 மீட்டருக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் அவர் விளக்கு வெளிச்சத்தில் தொங்கும் இலக்கு. காட்சிக்கு இது பலமே தவிர பலவீனமில்லை.

அப்புறம், இழுப்பது கையை அல்ல. கருவி தொப்புள் அருகே ஹார்னஸ் வளையத்தில் மாட்டியிருக்கவேண்டும். கையில் பிடித்துக்கொண்டு மேலே பறந்தால் முதல் நொடியிலேயே பிடி நழுவும், அல்லது தோள் விலகும். ஊசலாடுவதும் அப்படித்தான். கயிறு கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து ஆடினால் கீழ்ப்புள்ளியில் மூன்று மடங்கு எடை வரும், கயிறு எவ்வளவு நீளமானாலும் அதே மூன்று மடங்குதான். 110 கிலோவுக்கு 330. ஒற்றைக் கையால் யாரும் பிடிக்கமாட்டார்கள்.

அங்கியை விரித்து மிதப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணுக்கால் வரை அங்கி என்றதும் அடுத்து அதுதான் வரும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் நால்வர் ஒரு புகழ்பெற்ற அங்கி நாயகனை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 4.7 மீட்டர் விரிப்போடு 150 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் 350 மீட்டர் வரை மிதந்து போகலாம், ஆனால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். மிதப்பது சரி, இறங்குவதுதான் சாவு. அங்கி வேண்டுமென்றால் தோளில் காந்தமோ வெல்க்ரோவோ வைத்துக் கட்டுங்கள். யாராவது பிடித்து இழுத்தால் கழன்று அவர்கள் கையோடு போகவேண்டும். தைத்து வைத்தால் அது கழுத்துக்குப் போட்ட சுருக்கு. கயிற்றில் இறங்கும்போது டிசெண்டர் அங்கியை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும், நீண்ட முடிக்கும் தளர்ந்த துணிக்கும் நடப்பதுதான். இறங்குமுன் சுருட்டிப் பெல்ட்டில் செருகவேண்டும்.

பேரேடு

மேலே இரண்டு பேரும் உயிர் போகும் வழியைச் சொல்லிவிட்டார்கள். மாட்டிக்கொள்ளும் வழியை நான் சொல்கிறேன்.

அறக்கட்டளைப் பணத்தை அவர் தொடவே கூடாது. தொட்ட பக்கத்திலிருந்து உங்கள் கதையின் வில்லன் அவர்தான். நிறுவனர் என்றாலும், கொடுத்த பணம் கொடுத்த நொடியில் அவருடையதல்ல. அதில் மற்ற நன்கொடையாளர்களின் பணமும் கலந்திருக்கும். குழந்தைகள் வார்டுக்கு என்று வந்த தொகையை வேறெதற்கும் எடுக்க முடியாது.

அறம் ஒருபுறம் இருக்க, மறைப்பதற்கும் அது மோசமான இடம். ஒவ்வொரு பில்லுக்கும் கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்த ரசீது, விற்றவர் பில் என்று மூன்றையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஆராய்ச்சிச் செலவு என்று எழுதினால் அதற்கு அறிக்கை, சோதனைப் பதிவு, ஆய்வாளர் பெயர் கேட்பார்கள். வாங்கிய கருவிக்குச் சொத்துப் பதிவேட்டில் எண் ஒட்டவேண்டும், ஆண்டு முடிவில் ஒருவர் பட்டியலோடு வந்து "இது எங்கே, காட்டுங்கள்" என்பார். நிறுவனருக்குச் சொந்தமான கம்பெனியிடம் வாங்கினால் அது தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை. சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 24 அதை வெளிப்படுத்தச் சொல்கிறது, தணிக்கைத் தரம் ஐ.எஸ்.ஏ. 550 அதைத் தேடவே சொல்கிறது. அதாவது தணிக்கையாளர் முதலில் புரட்டும் பக்கத்திலேயே உங்கள் நாயகன் ஒளிந்திருக்கிறார்.

சொந்தப் பணம், வரி கட்டிய பணம். அதுதான் வழி. பணக்காரர் தன் காசில் மலையேற்றச் சாமான் வாங்குவதை யாரும் கேட்கப்போவதில்லை.

கவசம் மட்டும் அப்படி எளிதில்லை. ராணுவத் தரக் கவசம் வாசெனார் உடன்பாட்டின் போர்த்தளவாடப் பட்டியலில் இருக்கிறது. 1996 முதல் நடக்கும் ஏற்பாடு, 42 நாடுகள். எல்லை தாண்டி அனுப்ப உரிமம் வேண்டும், யார் பயன்படுத்தப்போகிறார் என்று எழுதிக்கொடுக்கவேண்டும். தகட்டின் பின்பக்க லேபிளில் தயாரிப்புத் தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். ஒரு சண்டையில் தகடு உடைந்து லேபிளோடு ஒரு துண்டு தரையில் கிடந்தால், துப்பறிபவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். லேபிளை உரித்துவிட்டால்? அப்போது தகட்டின் வயதும் தரமும் அவருக்கே தெரியாமல் போகும். உத்தரவாதம் பொதுவாக 5 ஆண்டு, எது எப்போது வாங்கியது என்று குறித்துவைக்காவிட்டால் உயிர் போகும், குறித்துவைத்தால் குறிப்பே சாட்சி. இந்த முடிச்சை விட்டுவிடாதீர்கள், ஸ்கிரிப்டில் இருப்பதைவிட நல்ல முடிச்சு இது.

இளநிலைத் தணிக்கையாளர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். பெரிய தொகை அவர் கண்ணில் படாது. அவருக்கு உறுத்துவது இது: நிறுவனரின் வண்டிக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை முன் கண்ணாடி மாற்றிய பில் இருக்கிறது, காப்பீட்டுக் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. சேதம் உண்டு, இழப்பீடு கேட்கவில்லை. கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை.

மைக்குடுவை

கலரிஸ்ட் பார்வையில் சின்னதாக ஒன்று. உடையைச் சுத்தக் கறுப்பாக்காதீர்கள். நகர இரவு கறுப்பல்ல. விளக்கொளி பட்ட சுவரும் மேகமும் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், அதன் முன் சுத்தக் கறுப்பு ஓட்டை போட்டதுபோல் தெரியும். அடர் சாம்பல், கருநீலம், அழுக்குப் பழுப்பு இவைதான் மறைக்கும். தாளிலும் அதேதான்: கறுப்பு உடையைக் கறுப்பு வானத்தில் வரைந்தால் உருவமே போய்விடும், பிறகு வேறு வழியில்லாமல் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு இழுப்பீர்கள்.

அச்சுக்கு: பெரிய பரப்பில் கறுப்பு மை மட்டும் அடித்தால் வெளிறும், கூடவே சயான் 40 சதவீத அளவில் சேருங்கள். நாலு மையும் கூட்டி அச்சகம் சொல்லும் வரம்புக்குள் நிற்கவேண்டும், வழவழத் தாளுக்கு 300 சதவீதம் என்பது பொதுவான உச்சம். தாண்டினால் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். இரவுப் பேனலில் பலூன் இல்லாமல் வெள்ளை எழுத்து விடுவதாக இருந்தால், எழுத்துக்குக் கீழே உள்ள பட்டையைக் கறுப்பு மை மட்டுமாக வையுங்கள். நாலு மை ஒரு நூல் விலகினாலும் கொம்பும் சுழியும் அடைத்துக்கொள்ளும், "ணை"யும் "னை"யும் ஒன்றாகிவிடும்.

கரிக்கோடு

கண்ணைக் கட்டுகிறது, நன்றி. அறக்கட்டளைப் பணத்தை எடுத்துவிட்டேன். முன் கண்ணாடி பில்லை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு. ஒன்று, 41-ஆம் பக்கம். அந்தச் சிறுமிக் காட்சிதான் புத்தகத்தின் இதயம், அதை எப்படியாவது காப்பாற்ற முடியுமா? இரண்டு, பிடித்தவர்களைக் கட்டிப்போட்டுவிட்டுப் போலீஸ் வருமுன் மறைகிறார். அதில் ஏதாவது இடிக்கிறதா?

சாட்சிக்கூண்டு

இரண்டாவதற்கு நான்.

இடிக்கிறது. பெரும்பாலான நீதிமன்றங்களில், பொருளை எடுத்தது யார், யார் கை மாறியது, எங்கே வைத்தார்கள் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஆள் வந்து சொல்லவேண்டும். முகமூடி ஆள் வைத்துவிட்டுப் போன பணப்பையும் பென் டிரைவும் யார் வைத்தது என்றே தெரியாத பொருள்கள். குறுக்கு விசாரணைக்கு அவர் வரமாட்டார். கட்டிப்போட்டவன் வெளியே வந்து, தாக்கப்பட்டேன் என்று புகாரும் கொடுப்பான். செய்ய முடிந்தது ஒன்று உண்டு: எதையும் தொடாமல், குற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸை அங்கே வரவைப்பது. கதவைத் திறக்காமல் மூடிவைத்து, வெளியேறும் வழியை அடைத்து, காத்திருப்பது. அடிதடி குறையும், பதற்றம் கூடும்.

கட்டுவதைப் பற்றி. குப்புறப் போட்டுக் கையைப் பின்னால் கட்டி விட்டுப்போகக் கூடாது. வயிறு அழுந்தி மூச்சுவிட முடியாமல் ஆள் இறக்கலாம். உட்காரவைத்தோ ஒருக்களித்தோ விடவேண்டும். தலையில் ஓர் அடி, பத்து நிமிட மயக்கம் என்பதும் திரைப்படப் பழக்கம். உண்மையில் அடிபட்டு மயங்கியவர் பெரும்பாலும் நொடிகளில் விழிப்பார். பத்து நிமிடம் விழிக்கவில்லை என்றால் அது மூளைக் காயம், ஆம்புலன்ஸ் கேஸ். நாயகன் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டிய நிலை.

தடயத்துக்கு: அளவெடுத்துச் செய்த பூட்ஸின் அடித்தடம் உலகத்திலேயே ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் விற்கும் தொழிலாளர் பூட்ஸ்தான் அவருக்குப் பாதுகாப்பு, தகடு சொன்ன எடையும் குறையும். முகமூடி முகத்தை மறைக்கும், உயரத்தையும் நடையையும் மறைக்காது. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம் போலத் தெரியும். ஆனால் நாயகன் வெளியே வந்த எல்லா இரவும், அந்த இரவுகளில் மட்டும், ஒரு போன் நாலு மணி நேரம் அசையாமல் யாருக்கும் பதில் சொல்லாமல் கிடந்தது என்றால் அதுவே அடையாளம். தினமும் வைத்துவிட்டுப் போகவேண்டும், வெளியே போகாத நாளிலும் எடுக்காமல் இருக்கவேண்டும்.

தகடு

பூட்ஸ் விஷயத்தில் முழுச் சம்மதம். ஒரே ஒரு சேர்க்கை: உள்ளே அடித்தட்டு ஆணி துளைக்காத வகையாக இருக்கட்டும், கூரையில் துரு ஆணிதான் அதிகம். மழையில் நனைந்த இரவுக்குப் பிறகு கவச உறையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கும் பேனல் ஒன்று வையுங்கள். அராமிட் நனைந்தால் தாங்கும் திறன் குறையும், அதனால்தான் நீர் புகாத உறையில் ஒட்டி வைக்கிறார்கள். வெயிலில் காயப்போடவும் கூடாது, புற ஊதாக் கதிர் இழையைக் கெடுக்கும். கீழே விழுந்த செராமிக் தகட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், எக்ஸ்ரேயில் தெரியும். சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறவருக்கு எக்ஸ்ரே எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேரேடு

அந்த எக்ஸ்ரேவுக்கும் நோயாளி பெயர் கேட்கும் பதிவேடு ஒன்று இருக்கும். சொல்லிவைக்கிறேன்.

நடுமுடிச்சு

41-ஆம் பக்கம். மாடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால் சிறுமி தரைக்கு வர 2.7 வினாடி. அவர் 1 வினாடி கழித்துக் குதித்தால் எட்டவே மாட்டார், இருவரையும் இழுப்பது ஒரே புவியீர்ப்பு. இடைவெளி குறையாது, கூடிக்கொண்டே போகும். குதிக்கும் நொடியில் 5 மீட்டர், சிறுமி தரையைத் தொடும்போது 22 மீட்டர். வழியில் கீழ் மாடியில் நின்று பிடிக்கலாமா என்றால், 20 மீட்டர் விழுந்தவள் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருவாள், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். கை நிறுத்தாது.

கயிற்றோடு குதித்தால்? 110 கிலோ 10 மீட்டர் விழுந்து 1 மீட்டருக்குள் நின்றால் சராசரி விசையே 12 கிலோநியூட்டனை ஒட்டும். வேலைத்தளங்களில் பயன்படும் அதிர்ச்சி உறிஞ்சிக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிப்பது 6 தான். நீளாத டைனீமாவில் அந்த 1 மீட்டர்கூடக் கிடைக்காது. முதுகெலும்பு போகும்.

ஆகவே அவள் விழக்கூடாது, தொங்கவேண்டும். 9-ஆவது மாடி வெளிச்சுவரில் ஒரு குழாயையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு. பயந்த குழந்தையின் பிடி நிமிடக் கணக்கில்தான் நிற்கும். அவர் கூரையில் இருக்கிறார், 10 மீட்டர் மேலே. வினாடிக்கு 2 மீட்டரில் இறங்கினால் 5 வினாடி. இறங்குவது இல்லை பிரச்சினை, இறங்குமுன் செய்யவேண்டியதுதான்: இரண்டு தனிப் பிடிமானம் தேடவேண்டும், தண்ணீர்த் தொட்டியின் தூண் ஒன்று, படிக்கட்டு அறைச் சுவர் இன்னொன்று. கயிறு கட்டி, டிசெண்டரில் கோத்து, காரபைனர் (கயிறு மாட்டும் உலோக வளையம்) பூட்டைத் திருகி, இழுத்துப் பார்க்கவேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒன்றரை நிமிடம். கீழே குழந்தை அழுகிறது, இவர் முடிச்சைச் சரிபார்க்கிறார். இரண்டு பக்கம் இதற்கே கொடுக்கலாம்.

போய்ச் சேர்ந்ததும் கையால் தூக்கக் கூடாது. முதலில் தன் டிசெண்டர் வளையத்திலிருந்து ஒரு பட்டையை அவள் அக்குளுக்கடியில் சுற்றிப் பூட்டவேண்டும். சும்மா சுற்றினால் சின்ன உடம்பு கையை உயர்த்தியதும் கீழே நழுவிவிடும். அதற்குத்தான் கால் இடுக்கில் வந்து மூன்று மூலையிலும் மாட்டும் மீட்பு முக்கோணத் துணி இருக்கிறது, மடித்தால் பெல்ட்டில் அடங்கும். மாட்டிய பிறகுதான் "கையை விடு" என்று சொல்லவேண்டும். மேலே திரும்பி ஏறாதீர்கள், இருவர் எடையோடு கீழேதான் போகவேண்டும், மெதுவாக, நிறுத்தாமல். நான் மேலே சொன்ன உருகும் கதை இங்கேதான் வரும்.

ஒரு பேனலை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்: கைப்பிடிச்சுவர் விளிம்பில் கயிற்றுக்கடியில் உறை வைப்பது. எடை ஏறிய கயிறு கான்கிரீட் முனையில் பக்கவாட்டில் அரைபட்டால் சில நொடியில் அறும். தடித்த கேன்வாஸ் இரண்டு மடிப்பு போதும். கையில் ஒன்றும் இல்லையென்றால் அந்த அங்கியைக் கழற்றி மடித்து வைக்கட்டும், கணுக்கால் வரை வைத்ததற்கு அப்போதாவது ஒரு உபயோகம் இருக்கும்.